எவரெஸ்ட் அடிவாரத்தில் உருளைக்கிழங்கும் ஊராட்சியும்

நேபாளத்தின் கிழக்கே, கோசி மாநிலத்தில் உள்ளது சோலுகும்பு மாவட்டம். அதன் வடகோடியில், எவரெஸ்ட் சிகரத்தின் தென்சரிவையும் தூத்கோசி ஆற்றின் மேற்பள்ளத்தாக்கையும் தன் எல்லைக்குள் கொண்டது கும்பு பாசாங்லாமு கிராமப்பாலிகா. கிராமப்பாலிகா என்பது அந்நாட்டின் கிராம ஊராட்சி. சௌரிகர்க்கா, நாம்சே, கும்ஜுங் என்ற மூன்று பழைய கிராம அமைப்புகளை இணைத்து 2017-ல் இது உருவாக்கப்பட்டது. 1993-ல் எவரெஸ்ட் உச்சியை எட்டி, இறங்கும் வழியில் உயிரிழந்த பாசாங் லாமு ஷெர்ப்பாவின் பெயரையே இதற்குச் சூட்டியுள்ளனர். எவரெஸ்ட் ஏறிய முதல் நேபாளப் பெண் அவர்.

நாம்சே 3,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கு ஆண்டுக்கு ஒரே போகம்தான். 19-ம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த உருளைக்கிழங்கே முக்கியப் பயிர். அறுவடையான கிழங்கைக் குழியில் புதைத்து வைத்துப் பனிக்காலம் முழுவதும் உண்பார்கள். அந்த ஒரு போகத்தையும் மாடு மேய்ந்துவிட்டால், மறுபோகம் வைத்து ஈடுகட்ட வழியில்லை.

ஆகவே ஷெர்ப்பா கிராமங்களில் 'நாவா' என்ற காவலர்களை ஊரே நியமித்து வந்தது. கோடையில் யாக் எருமைகளையும் மாடுகளையும் மேட்டு மேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிவிட வேண்டும். அறுவடை முடியும்வரை அவை வயற்பக்கம் திரும்பக் கூடாது. மீறியவருக்கு அபராதம். எழுதப்படாத சட்டம்தான், ஆனால் எழுதிய சட்டங்கள் பலவற்றைவிட ஒழுங்காக நடந்தது.

மேலிருந்து வந்த நிர்வாக மாற்றங்கள் வேறு. 1957-ல் காடுகள் அரசுடைமையாயின. 1962 அரசியல் சட்டம் பஞ்சாயத்து முறையைக் கொண்டுவந்தது. 1976-ல் சாகர்மாதா தேசியப் பூங்கா அமைந்தது. 1990-க்குப் பின் பஞ்சாயத்துகள் கிராம வளர்ச்சிக் குழுக்களாயின. 1997-ல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2002-ல் முடிந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2017-ல்தான். இடைப்பட்ட 15 ஆண்டுகளும் அதிகாரிகளே கிராமங்களை நடத்தினர். இதற்கிடையில் மலையேறிகளின் சுமை தூக்கும் மாடுகள் பெருகியதால், நாம்சே போன்ற இடங்களில் நாவாக் கட்டுப்பாடும் தளர்ந்தது.

2017-ம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் சிறு விவசாயிக்குப் பயன்படும் ஓர் அதிகாரத்தைக் கிராமப்பாலிகாவுக்கு அளித்தது. துணைத் தலைவரும், சபை தேர்ந்தெடுக்கும் இரு உறுப்பினர்களும் சேர்ந்த நீதிக்குழு, பயிர்ச்சேதம், வயல் வரப்பு, வாய்க்கால் நீர்ப்பங்கீடு, மேய்ச்சல் ஆகிய தகராறுகளை விசாரித்துத் தீர்க்கலாம். தீர்ப்பில் குறையிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

2015-ம் ஆண்டு அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணைப்படி வேளாண் விரிவாக்கப் பணியும் கிராமப்பாலிகாவின் பொறுப்பே. மாவட்டத் தலைமையிடமான சல்லேரி, நாம்சேயிலிருந்து பல நாள் நடை. கிழங்கில் நோய் கண்டவுடன் ஆலோசனை கேட்க அவ்வளவு தூரம் போய்த் திரும்புவதற்குள் வயலில் எஞ்சுவது தண்டுதான்.