மண்ணுக்குள் எரியும் தீ: சோப்பு நுரை கைகொடுக்குமா?

2015ஆம் ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்தோனேசியாவின் பலங்கா ராயா நகரில் நண்பகலிலும் வானம் மஞ்சளாகக் கிடந்தது. காற்றுமாசுக் குறியீடு 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பது கணக்கு. மத்திய கலிமந்தான் மாகாணத்தின் தலைநகரான அந்த ஊரில் அது 2,000 வரை ஏறியது. மூச்சுமுட்டிய அந்தப் புகையில் பெரும்பகுதி, மரங்கள் எரிந்து வந்ததல்ல. காலுக்கடியில் மண்ணே எரிந்துகொண்டிருந்தது.

அந்த மண்ணுக்குப் பெயர் பீட். இலையும் வேரும் கட்டையும் தண்ணீரில் மூழ்கி, காற்றுப் படாமல், பாதி மட்கியும் மட்காமலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கருமண் அது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் சேரும். அப்படிச் சேர்ந்ததுதான் சில இடங்களில் 10 மீட்டர் ஆழத்துக்கு நிற்கிறது. இயல்பு நிலையில் அதன் எடையில் சுமார் 90 சதவீதம் தண்ணீர் என்பதால் தீ அதை நெருங்காது.

தண்ணீரை வடித்துவிட்டால்தான் கதை மாறும். அப்போதைய இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ 1990களின் நடுவில், மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேரில் நெல் விளைவிக்கப்போவதாக அறிவித்தார். 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. 1999இல் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால், வெட்டிய கால்வாய்கள் தண்ணீரை வடித்துக்கொண்டே இருந்தன. இடையே 1997இல் எல் நினோ வறட்சி வந்தது. அந்த ஓராண்டில் இந்தோனேசிய பீட் நிலங்களிலும் காடுகளிலும் பிடித்த தீ, 81 கோடி டன்னிலிருந்து 257 கோடி டன் வரை கார்பனை வெளியேற்றியிருக்கலாம் என்று 2002இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உலகம் ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியிட்ட அளவில் 13 முதல் 40 சதவீதம் அது!

நெல் மில்லுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு உமிக் குவியலில் பிடிக்கும் தீயைத் தெரியும். மேலே சாம்பல், உள்ளே செந்தணல். சுடர் தெரியாது, புகை மட்டும் கசியும். பீட் தீயின் போக்கும் அதுதான். ஒரு மணி நேரத்தில் சில சென்டிமீட்டர்தான் நகரும். ஆனால், உள்ளே வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலே ஒரு மழை பெய்து ஓய்ந்த பிறகும் அடியில் கனன்று, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும். வேர் வெந்துபோன மரம் முன்னறிவிப்பே இல்லாமல் சாயும். கெட்டியாகத் தெரியும் தரையில் கால் வைத்தால் முழங்கால் வரை தணலுக்குள் இறங்கிவிடக்கூடும்.

தண்ணீரைப் பீய்ச்சி அணைத்துவிடலாமே என்று தோன்றும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. காய்ந்த பீட் தண்ணீரை ஏற்காது. அதன் துகள்களில் மெழுகு, பிசின் போன்ற பொருள்கள் படிந்திருப்பதால், மேலே விழுந்த துளி முத்தாகத் திரண்டு உருண்டு நிற்கும். குழாயில் வேகமாக அடித்தால், கிடைத்த வெடிப்பு வழியே தண்ணீர் சரசரவென்று அடியாழத்துக்குப் போய்விடும். பக்கத்தில் ஒரு சாண் தள்ளியிருக்கும் தணல் காய்ந்தபடியே இருக்கும்.

அதே துளியில் தீயணைப்பு நுரைக்கரைசல் சிறிதளவு கலந்து பாருங்கள். உருண்டு நின்ற துளி படர்ந்து உள்ளே இறங்கிவிடும். தண்ணீரின் பரப்பு இழுவிசை 72 அலகிலிருந்து முப்பதுக்கும் கீழே வருவதுதான் காரணம். காட்டுத் தீக்கான நுரையில் கரைசலின் அளவு பொதுவாக 0.1 முதல் 1 சதவீதம்தான். நுரையாக அடிப்பதில் இன்னொரு நன்மை உண்டு. தண்ணீர் ஒரேயடியாக ஓடிவிடாமல் குமிழிகளில் தங்கி, மெல்ல மெல்ல மண்ணுக்குள் வடிகிறது. எந்த இடம் முடிந்தது, எது பாக்கி என்பதும் வெண்மையாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நுரைப் போர்வை காற்றை மறித்து இந்தத் தீயைக் கொன்றுவிடும் என்று நினைப்பது தவறு. சுடர்த்தீ அணைந்துபோகும் குறைந்த ஆக்ஸிஜனிலும் கனல் உயிரோடு இருக்கும். அதைக் குளிரவைத்தால்தான் அணையும். மேலே நுரையைப் பூசிவிட்டு வண்டியைத் திருப்பினால், சில நாளில் அதே இடத்தில் புகை எழும். நீண்ட கூர்முனைக் குழாயை மண்ணுக்குள் செருகி உள்ளேயே கரைசலைச் செலுத்த வேண்டும், கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும், சூடு தணிந்ததா என்று பார்க்க வேண்டும். இடுப்பொடிக்கும் வேலை இது.

எந்த நுரை என்பதும் முக்கியம். பெட்ரோல் தீக்கென்று வந்த ஃபுளோரின் கலந்த நுரைகள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடும் நஞ்சு. மீன் பிடித்துப் பிழைக்கும் மக்கள் வாழும் சதுப்பில் அவற்றுக்கு இடமே இல்லை. ஜப்பானின் கித்தாக்யூஷூ நகரிலிருந்து வந்த மாற்று அதனால்தான் என் கவனத்தை ஈர்த்தது. 1995இல் கோபே நிலநடுக்கத்தில் குழாய்கள் உடைந்து தீயணைப்புக்குத் தண்ணீர் கிடைக்காமல் தெருத்தெருவாக எரிந்தது. குறைந்த தண்ணீரில் தீயை அணைக்கும் வழி தேடி, கித்தாக்யூஷூ நகரத் தீயணைப்புத் துறையும் ஷபொன்தாமா என்ற சோப்பு நிறுவனமும் கித்தாக்யூஷூ பல்கலைக்கழகமும் கைகோத்தன. 2007இல் சோப்பு அடிப்படையிலான நுரை சந்தைக்கு வந்தது. பின்னர் அதே குழு பீட் தீக்கான கரைசலைக் கலிமந்தானில் சோதித்தது.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவது நம் வீடுகளில் அன்றாடம் பார்ப்பது. அந்தக் குணமே இங்கே வரம். இயற்கை நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்ததும் சோப்பு தன் வீரியத்தை இழந்துவிடுகிறது. மீன்களுக்கு நேரும் தீங்கு குறைகிறது. மறுபக்கம், பீட் கால்வாய்களின் பழுப்புநிறத் தண்ணீர் கடும் அமிலம், அதன் பி.எச். அளவு 3 முதல் 4 வரைதான். அமிலத்தில் சோப்பு முறிந்துவிடும். கடைச் சோப்பைக் கரைத்து ஊற்றி வேலை நடக்காது.

நுரையின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். 2008இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மின்னல் தாக்கிப் பற்றிய பீட் தீ 40,000 ஏக்கருக்கும் மேல் பரவியது. அதை அடக்க 200 கோடி கேலன் தண்ணீரை இறைத்து நிலத்தையே மூழ்கடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிதான பின் எந்த நுரையும் போதாது. நுரைக்குப் பொருத்தமான நேரம், தீ ஒரு வீட்டுமனை அளவில் இருக்கும் முதல் சில நாள்கள். கோடையில் கால்வாய் வற்றி, ஒரு தொட்டித் தண்ணீரை வைத்துக்கொண்டு கிராமத்து இளைஞர்கள் திண்டாடும் நேரம் அது.

கால்வாய்களை அடைத்து நிலத்தை மறுபடி நனைப்பதே முதல் வேலை. பீட் நிலத்தில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது என்று இந்தோனேசிய அரசு விதித்திருக்கிறது. ஆனால், அது நிறைவேற ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை புகை காத்திருக்காது. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் மாசுக் குறியீடு 401ஐத் தொட்டதை அங்குள்ள தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலேசியாவின் கிள்ளானில் இருப்பவர்களுக்கு ஜோஹான் செத்தியா பீட் நிலத்தின் புகை பழக்கமானது. 2015 புகையால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளிலும் ஒரு லட்சம் பேர் வரை அகால மரணம் அடைந்திருக்கலாம் என்பது ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மதிப்பீடு.

சிங்கப்பூரும் மலேசியாவும் ஆண்டுதோறும் முகக்கவசத்துக்கும் பள்ளி விடுமுறைக்கும் தயாராவதோடு நிறுத்தக்கூடாது. கலிமந்தான், சுமத்ரா கிராமங்களின் தீயணைப்புக் குழுக்களுக்குச் சோப்பு நுரையும் செருகு குழாயும் கைப்பம்பும் பயிற்சியும் கிடைக்கப் பணம் தர வேண்டும். அதுவும் ஜூன் மாதத்துக்குள், வறட்சி தொடங்கும் முன்பே அவை ஊர்களில் இருக்க வேண்டும்.