பழைய கம்ப்யூட்டருக்கு முதலில் எதை மாற்றுவது?

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் உங்கள் வீட்டில் இருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டுக் காபி போட்டுக்கொண்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு கடைக்காரர் "ராம் போடுங்க" என்கிறார், அடுத்த கடைக்காரர் "எஸ்எஸ்டி போடுங்க" என்கிறார். இரண்டுமே நல்ல யோசனைதான். உங்கள் இயந்திரத்துக்கு முதலில் எது வேண்டும் என்பதைக் காசு செலவில்லாமல் நீங்களே பார்த்துவிடலாம்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "500 ஜிபி இருக்கிறதே, பிறகு ஏன் மெமரி போதவில்லை என்று சொல்கிறது?" என்று பலரும் கேட்பார்கள். அந்த 500 ஜிபி, ஹார்ட் டிஸ்க்கின் (படம், கோப்பு, விண்டோஸ் எல்லாவற்றையும் நிரந்தரமாக வைத்திருக்கும் சேமிப்பகம்) கொள்ளளவு. மெமரி என்று கணினி சொல்வது ராமை (ஓடிக்கொண்டிருக்கும் வேலையை மட்டும் வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்). மின்சாரம் போனால் ராமில் இருப்பதும் போய்விடும். 2012 வாக்கில் வாங்கிய பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் ராம் 2 அல்லது 4 ஜிபிதான்.

சரி, எப்படிப் பார்ப்பது? விண்டோஸ் 10 என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போங்கள். வழக்கமாக நீங்கள் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். மெமரி பாதிக்குச் சற்று மேலே நிற்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சிக்கல் ஹார்ட் டிஸ்க்கில். மெமரி 90ஐத் தாண்டினால் ராம் போதவில்லை.

இரண்டுமே உச்சத்தில் இருந்தால்? பழைய 4 ஜிபி கணினிகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ராம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது, தேவைப்பட்டால் திரும்ப எடுக்கிறது. ராமின் பற்றாக்குறை டிஸ்க்கின் தலையில் விடிகிறது. கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் என் ஓட்டு எஸ்எஸ்டிக்கு. அதைப் போட்டால் கணினி திறக்கும் நேரம், நிரல் திறக்கும் நேரம் எல்லாம் குறையும். ராமிலிருந்து வழிவதும் வேகமான இடத்தில் போய் விழும்.

எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவை எழுதி வைக்கும் சேமிப்பகம்) அப்படி என்ன விசேஷம்? ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஒரு முள் அதன் மேல் முன்னும் பின்னும் நகர்ந்து தேடுகிறது. 7200 என்றால் வேகமாகத்தான் தெரியும். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கங்கே சிதறிக்கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை நொடிக்கு நூறு முறைகூட அதனால் எட்டிப் பிடிக்க முடியாது. விண்டோஸ் கிளம்பும்போது படிப்பதோ அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான துண்டுகளை. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. சாதாரணமான ஒன்றுகூட நொடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துக் கொடுக்கும்.

"என் மதர்போர்டு பழசு, எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது என்கிறார்களே?" உண்மைதான். அந்தக் காலத்து மலிவுக் கணினிகளில் பரவலாக இருந்த எச்61 வகை மதர்போர்டுகளில் சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறை) இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. நொடிக்கு 550 எம்பி தரக்கூடிய எஸ்எஸ்டி அதில் 280க்குள் நின்றுவிடும். ஆனால் அது பெரிய கோப்பை நகலெடுக்கும்போதுதான் தெரியும். மேலே சொன்ன சின்னத் துண்டுகளைத் தேடும் வேலையில் பெரிதாக உறைக்காது. இதற்காகத் தயங்க வேண்டாம்.

கடையில் என்ன கேட்டு வாங்குவது? "2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி" என்று கேளுங்கள். குச்சி போல இருக்கும் எம்.2 எஸ்எஸ்டியைக் காட்டி, இதுதான் இன்னும் வேகம் என்பார்கள். அதற்கான இடம் உங்கள் பழைய மதர்போர்டில் இருக்காது. 240 அல்லது 256 ஜிபி, விண்டோஸுக்கும் அலுவலக வேலைக்கும் தாராளம். 240 ஜிபி வாங்கினால் கணினி 223 என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

இனி ராம். பொதுவான வேலைக்கு 8 ஜிபி போதும். 16க்குப் போக ஆசை வந்தால், டாஸ்க் மேனேஜரை மறுபடி ஒருமுறை பாருங்கள். காணொளித் தொகுப்பு செய்பவராக இல்லாவிட்டால் அந்தப் பணம் சும்மாதான் கிடக்கும்.

எந்த ராம் வேண்டுமானாலும் போடலாமா? முடியாது. டிடிஆர் என்பதற்குப் பின்னால் வரும் எண் முக்கியம். டிடிஆர்3 மதர்போர்டில் டிடிஆர்3 மட்டும்தான் உட்காரும். 2வது, 3வது தலைமுறை இன்டெல் கணினிகள் எல்லாம் டிடிஆர்3 காலத்தவை. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் நீளம் ஒன்று, கால்களும் 240தான். ஆனால் அடியில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். வெட்டு பொருந்தவில்லை என்றால் அது வேறு வகை. அழுத்தி உட்காரவைக்கப் பார்த்தால் ஸ்லாட் உடையும். லேப்டாப் ராம் பாதி நீளம்தான் இருக்கும், அதையும் மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

இப்போதிருக்கும் ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பான வழி. அதன் ஸ்டிக்கரில் அளவும், 1333 அல்லது 1600 என்ற வேக எண்ணும் இருக்கும். 1333க்குப் பக்கத்தில் 1600 போட்டால் கெட்டுப்போகாது. இரண்டும் 1333இல் ஓடும். டிடிஆர்3 புதிதாகக் கிடைப்பது குறைந்துவிட்டதால், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற மின்னணுச் சந்தைகளில் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் கழற்றி விற்கும் பழைய சரக்கு. அதில் தப்பில்லை. வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று மட்டும் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். இணையத்தில் ஆச்சரியப்படும் விலைக்கு டிடிஆர்3 கண்ணில் பட்டால் விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். "ஏஎம்டிக்கு மட்டும்" என்று ஒரு மூலையில் இருக்கும். இன்டெல் கணினியில் அது ஓடாது.

இன்னொரு கண்ணி இருக்கிறது. உங்கள் விண்டோஸ் 32 பிட் (நினைவகத்தை எண்ணும் பழைய முறை) என்றால், எவ்வளவு ராம் போட்டாலும் 4 ஜிபிக்குள்ளேயே நின்றுவிடும், அதுவும் முழுதாகக் கிடைக்காது. செட்டிங்ஸில் 'சிஸ்டம் டைப்' என்ற இடத்தில் 64 பிட் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள். 32 என்றிருந்தால் விண்டோஸையே புதிதாகப் போட வேண்டும்.

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்ற முடியாதா? குளோனிங் (டிஸ்க்கை அச்சு அசலாகப் படியெடுப்பது) என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் 500 ஜிபி டிஸ்க்கை 240க்குள் படியெடுப்பது எல்லா மென்பொருளாலும் ஆகாது. தவிர, பத்து வருடக் குப்பையும் கூடவே வந்துவிடும். விண்டோஸைப் புதிதாகப் போடுவதே மேல். மதர்போர்டு அதேதான் என்பதால், முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 இணையத்தில் இணைந்ததும் உரிமத்தைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும்.

புதிதாகப் போடும் முன் இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். பழைய தமிழ்க் கடிதங்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருந்தால், விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' அடைவிலிருந்து அவற்றை எடுத்து வையுங்கள். அவை இல்லாமல் அந்தக் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். கடையிலோ அலுவலகத்திலோ டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) ஓடுகிறது என்றால் அதன் உரிமத்தை முதலில் சரண்டர் செய்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

நானே கழற்றிப் பூட்டலாமா? தாராளமாக. ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் அதில் போய்விடும். ராமின் வெட்டைப் பார்த்து நேராக வைத்து இரு முனையிலும் கட்டைவிரலால் அழுத்தினால் க்ளிப்புகள் 'டக்' என்று தாமாக மூடும். எஸ்எஸ்டிக்கு இரண்டே ஒயர்: மதர்போர்டிலிருந்து ஒன்று, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) ஒன்று. நகரும் பாகம் இல்லாததால் ஒரே ஒரு திருகில் ஓர் ஓரமாகப் பொருத்தினாலும் போதும்.

விண்டோஸ் போடும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஒயரைக் கழற்றியே வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் தன்னைத் துவக்கும் கோப்புகளை அதில் கொண்டுபோய் எழுதிவிடும். பின்னால் அந்த டிஸ்க்கை எடுக்கும் அன்று கணினியே கிளம்பாது. பயாஸில் (கணினி கண் விழித்ததும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) சாட்டா முறை 'ஏஎச்சிஐ' என்று இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். 'ஐடிஇ' என்றிருந்தால் விண்டோஸ் போடும் முன்பே மாற்றுங்கள். போட்ட பிறகு மாற்றினால் நீலத் திரை வரக்கூடும்.

எல்லாம் மாட்டிவிட்டு ஆன் செய்தால் திரை கறுப்பாக இருந்து 'பீப்' சத்தம் மட்டும் வருகிறதா? பயப்பட வேண்டாம், பத்தில் எட்டு தடவை ராம் சரியாக உட்காரவில்லை. பிளக்கைப் பிடுங்கி, ராமை எடுத்து, அதன் பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து மறுபடி பொருத்துங்கள். அப்போதும் வரவில்லை என்றால் ஒவ்வொரு ராமாகத் தனித்தனியே போட்டுப் பாருங்கள்; கோளாறு எதில் என்பது தெரிந்துவிடும். தேதியும் நேரமும் தினமும் பின்னோக்கிப் போனால் மதர்போர்டில் இருக்கும் நாணய அளவு பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது? விண்டோஸ் போட்டு முடித்ததும் அதையும் மாட்டி, புகைப்படமும் பாட்டும் வைக்கப் பயன்படுத்துங்கள். ஆனால் கல்யாண ஆல்பத்துக்கு இது ஒன்றே இடமாக இருக்கக் கூடாது, வயதான டிஸ்க் அது. எஸ்எஸ்டியும் முன்னறிவிப்பு இல்லாமல் ஒருநாள் படுத்துவிடலாம். முக்கியமானது இரண்டிலும் இருக்கட்டும்.

எந்தக் கணினிக்குச் செலவு செய்யவே கூடாது? டிடிஆர்2 ராம் போடும் கோர் 2 டுவோ காலத்து இயந்திரம் என்றால் விட்டுவிடுங்கள். மற்றவற்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, பொதுவாக இன்டெல் 8வது தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். எஸ்எஸ்டியும் ராமும் அந்தத் தகுதியைத் தராது. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினி அது என்றால், எஸ்எஸ்டி போடும் அன்றே லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்துக்கு மாறிவிடலாம். பிரவுசர், கடிதம் தட்டச்சுவது, யூடியூப் எல்லாம் அதில் ஓடும், டேலி ஓடாது. போடும் முன் பென்டிரைவிலிருந்தே அதை ஓட்டிப் பார்த்து, உங்கள் பிரின்டர் அதோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.