பெருக்கல் குறி

ஆவணம் நடுநிலையானது என்கிறவர்களிடம் இங்கிலாந்தின் திருமணப் பதிவேட்டைக் காட்டுவேன். 1837இல் வந்த படிவம். மணமக்கள் இருவருடைய அப்பன் பெயர், தொழில் எல்லாம் உண்டு, அம்மா கிடையாது. 2021இல்தான் சேர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சலவைக்காரி ஒருத்தியின் தாய்வழியைத் தேடுகிறவர் அவளது பிறப்புப் பதிவுக்குப் போகணும். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் அங்கேதான் இருக்கும். 1837க்கு முன் பிறந்தவளா? தேவாலய ஞானஸ்நான ஏட்டில் தாய்க்குப் பெரும்பாலும் முதற்பெயர் மட்டும்தான். 1851 மக்கள்தொகைக் கணக்கில் அவள் இன்னாரின் மனைவி. ஊர்த் துணியெல்லாம் வெளுத்திருப்பாள், தொழில் கட்டம் காலியாகவே கிடக்கலாம்.

எழுதத் தெரியாதவள் கல்யாணத்தன்று போட்ட பெருக்கல் குறி ஒண்ணுதான் அவள் கைபட்டது. அதுவும் அந்தத் தேவாலய ஏட்டில்தான். பாதிரியார் பார்த்தெழுதி அரசுக்கு அனுப்பிய நகலில் குறியும் அவர் போட்டதுதான்.