வாளில் இருந்து இடுப்புக்கு... ஜப்பானின் குமிஹிமோ கயிறு பிழைத்தது எப்படி?

கிமோனோ அணிந்த ஜப்பானியப் பெண்களின் படங்களைப் பார்த்திருப்பீங்க. இடுப்பில் அகலமான துணிப்பட்டை, அதன் நடுவே ஒரு மெல்லிய கயிறு. சும்மா அழகுக்குத்தானே என்று தோன்றும். ஆனால் அந்தக் கயிற்றை அவிழ்த்தால், முதுகுப் பக்கம் போட்டிருக்கும் முடிச்சே சரிந்துவிடும்!

குமிஹிமோ என்றால் என்ன?

துணிப்பட்டையின் பெயர் ஓபி. அதன் மேல் கட்டும் கயிறு ஓபிஜிமே. இதைப் பின்னும் கலைதான் குமிஹிமோ. ஜப்பானிய மொழியில் 'குமு' என்றால் பின்னுதல், 'ஹிமோ' என்றால் கயிறு.

எப்படிப் பின்னுகிறார்கள்?

நடுவில் ஓட்டை உள்ள வட்டமான மர மேடை, அதன் பெயர் மருடாய். அதைச் சுற்றிப் பட்டு நூல் கற்றைகள் தொங்கும். ஒவ்வொரு நுனியிலும் எடை வைத்த ஒரு சிறிய உருளை இருக்கும். ஜடை பின்னுற மாதிரி, கற்றைகளை மாற்றி மாற்றி எதிர்ப்பக்கம் போட வேண்டும். பின்னிய கயிறு ஓட்டை வழியாகக் கீழே இறங்கும். இந்தக் கயிறு லேசாக இழுபடும், அதனால் கட்டினால் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

சாமுராய்களுக்கு என்ன சம்பந்தம்?

சாமுராய் வீரர்களின் கவசத் தகடுகளைக் கோர்க்கவும், வாள் உறையை இடுப்போடு கட்டவும் இதே பின்னல் கயிறுதான். 1876-ல் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணியத் தடை போட்டது. ராணுவம், போலீஸுக்கு விலக்கு. கயிறு பின்னியவர்களுக்குப் பெரிய அடி!

காப்பாற்றியது எது?

பெண்களின் முடிச்சுதான். 'தாய்கோ' என்ற புது வகை ஓபி முடிச்சு அந்தக் காலத்தில் பரவியது. அது தானாக நிற்காது, பிடித்து நிறுத்தக் கயிறு வேண்டும். வாளுக்குப் பின்னிய கைகள், ஓபிக்குப் பின்ன ஆரம்பித்தன.

இப்போ என்ன நிலைமை?

கிமோனோ இன்று அன்றாட உடை இல்லை. திருமணம், விழாக்களில்தான் அதிகம். ஆக, கயிற்றுக்கு மறுபடியும் அதே சோதனை. மியே மாகாணத்தின் இகா நகரக் குமிஹிமோ, 1976-ல் அரசின் பாரம்பரியக் கைவினை அங்கீகாரம் பெற்றது. இப்போ கைக்கயிறு, சாவிக்கொத்து எனவும் பின்னுகிறார்கள். 2016-ல் வந்த மகோதோ ஷின்காயின் 'யுவர் நேம்' அனிமேஷன் படத்தில் கதையையே இணைப்பது இந்தக் கயிறுதான்.

இனி கிமோனோ படம் பார்த்தால் கயிற்றின் நுனியைக் கவனியுங்க. மேல் நோக்கிச் செருகியிருந்தால் சுப நிகழ்ச்சி. கீழ் நோக்கி இருந்தால் துக்க வீடு.