பாசார் எங்கே என்று கேட்டோம், சாலையைக் காட்டினார்!

"பாசார் மானா?" என்று என் மாமியார் கேட்டார். மேடான் நகரத்துப் பெரியவர் ஒருவர், மிகுந்த மரியாதையோடு கையை நீட்டி, எதிரே வண்டிகள் பறந்து கொண்டிருந்த பெரிய சாலையைக் காட்டினார். கத்தரிக்காயும் மீனும் விற்கும் இடத்தைக் கேட்டால் சாலையைக் காட்டுகிறாரே, இதென்ன விளையாட்டு என்று திகைத்து நின்றோம்.

விளையாட்டு ஒன்றும் இல்லை. மேடான் பேச்சு வழக்கில் 'பாசார்' என்றால் சாலை. சந்தைக்கு அங்கே 'பாஜாக்' என்று பெயர். நமக்கோ பாஜாக் என்றதும் நினைவுக்கு வருவது சந்தையா? வளையலும் தாலிக்கொடியும் போய் உட்கார்ந்து வரும் அடகுக் கடையல்லவா! இன்னும் கேளுங்கள். அங்கே 'கெரெத்தா' என்றால் மோட்டார் சைக்கிள். 'மோட்டோர்' என்றால் கார். முதல் நாளே நாங்கள் தேர்ச்சி பெற்ற லட்சணம் இதுதான்.

சுமத்ராவுக்கு ஏன் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு ஐந்தில் படிக்கும் என் மகள் மலாய் மொழித் தாளில் நல்ல புள்ளி வாங்குவாள். கட்டுரை எழுதுவாள், பழமொழியை ஒப்பிப்பாள். ஆனால், ஜாசின் கிளினிக்கில் தாதி பெயரைக் கேட்டால் என் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்து கொள்வாள். தோட்டத்துப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் எனக்கு இது பழகிய காட்சி. வகுப்பில் கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்லும் பிள்ளைகள், கடைக்காரர் முன்னால் ஊமையாகி விடுகிறார்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்திற்குச் சிவப்புப் பேனாவைப் பிடித்த எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

எனவே, சீட்டுப் பணம் கைக்கு வந்த ஆண்டில், பள்ளி விடுமுறையில் மேடான் போவது என்று முடிவு செய்தோம். மலேசியர்களுக்கு விசா வேண்டாம். முப்பது நாள் வரை தங்கலாம். பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கடப்பிதழ் வேண்டும், அது ஆறு மாதத்திற்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர விமானப் பயணம். மேடான் கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. ஆகவே ஏறிய நேரத்துக்கே இறங்கினோம்! 2013இல் திறந்த குவாலானாமு விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயிலே போகிறது.

புறப்படும் முன் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். அங்கே கடையிலும் வண்டியிலும் பிள்ளைகள்தாம் பேச வேண்டும். நானும் என் கணவரும் வாயைத் திறக்கக் கூடாது. பாட்டிக்கு மட்டும் விலக்கு, ஏனென்றால் அவரை யாராலும் அடக்க முடியாது.

இந்தோனேசிய மொழி நமக்கு முழுக்கப் புதிதன்று. மலாக்கா அரசவையில் வழங்கிய மலாய், ஜொகூர்-ரியாவ் வழியாக வளர்ந்து, 1928 அக்டோபர் 28இல் இளைஞர் மாநாட்டில் இந்தோனேசியாவின் ஒற்றுமை மொழியாக ஏற்கப்பட்டது. 1972 ஆகஸ்டில் இரு நாடுகளும் எழுத்துக் கூட்டலையும் ஒன்றாக்கிக் கொண்டன. ஆகவே படிப்பது எளிது. பேசும்போதுதான் காலை வாரிவிடும். "அம்மா, எல்லாரும் ஏன் விஷம், விஷம் என்கிறார்கள்?" என்று மகன் கேட்டான். நாம் பாம்பின் நஞ்சுக்குச் சொல்லும் 'பீசா', அங்கே 'முடியும்' என்ற சொல்! பாட்டி ஊர் வழக்கப்படி பேரப்பிள்ளைகளைக் காட்டி 'பூடாக்' என்று அறிமுகப்படுத்தினார். அங்கே அதற்கு 'அடிமை' என்று பொருள். வண்டியோட்டி பிள்ளைகளைப் பரிதாபமாகப் பார்த்தார். நானும் தப்பவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்ற என் சட்டத்தை நானே மீறி, ஓரிடத்தில் நுழைவு இலவசமா என்று கேட்பதாக எண்ணி, 'பெர்ச்சுமா' என்ற சொல்லைப் போட்டேன். அங்கே அதற்கு 'வீண்' என்று அர்த்தமாம். உள்ளே போவது வீண்தானா என்று கேட்டிருக்கிறேன்! இலவசத்திற்கு 'கிராத்திஸ்' என்று சொல்ல வேண்டும்.

இதில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. என் இலக்கணச் சுத்தமான வாக்கியம் முடிவதற்குள் எதிரில் இருப்பவர் கொட்டாவி விட்டார். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய என் மாமியாரோ, சீனக் கடையில் பொறுக்கிய நாலு மலாய்ச் சொல்லை வைத்துக்கொண்டு, மாம்பழம் விற்ற அம்மாளிடம் விலையைக் குறைத்து, அவர் குடும்பக் கதையையும் கேட்டு வாங்கி வந்தார். பேத்தி அதைப் பார்த்துக் கொண்டே இருந்தாள். மறுநாள் தேநீருக்குக் காசு கொடுக்கும்போது அவளே முன்னால் போனாள். ரூப்பியா ஆயிரக்கணக்கில் ஓடுவதால் எண்கள் தாமாகவே நாவில் ஏறின. 'லாப்பான்' என்றாள். கடைக்காரர் சிரிக்காமல் 'டெலாப்பான்' என்றார். இவளும் 'டெலாப்பான்' என்றாள். முடிந்தது! சிவப்புக் கோடு இல்லை, புள்ளிக் குறைப்பும் இல்லை.

ஏன் அங்கே யாரும் சிரிக்கவில்லை? தோபா ஏரிக்குப் போனபோது விளங்கியது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய் அது. அன்று பறந்த சாம்பல் நம் பேராக் லெங்கோங்கிலும் கிடக்கிறது. ஏரியின் அழகைச் சொல்லப் புகுந்தால் பக்கம் போதாது. ஏரிக்கரையில் வாழும் பாத்தாக் மக்கள் வீட்டில் பேசுவது பாத்தாக் மொழி. 'ஹொராஸ்' என்றுதான் வணக்கம் சொல்கிறார்கள். இந்தோனேசிய மொழி அங்கே பலருக்குப் பள்ளியில் பயின்ற இரண்டாம் மொழி, நமக்கு மலாய் எப்படியோ அப்படி. தானும் தட்டுத் தடுமாறிக் கற்றவன் அடுத்தவன் தடுமாறுவதைக் கேலி செய்வானா?

கடைசி நாள் மேடானில், முன்பு கம்போங் கிளிங் என்று வழங்கிய கம்போங் மெட்ராசுக்குப் போனோம். 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் தெயுக்கு உமார் சாலையில் இருக்கிறது. டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில் கடல் கடந்தவர்கள் நம்மவர்கள். அதற்கும் எட்டு நூற்றாண்டு முன்பே, 1088இல், சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே தமிழ் வணிகர்கள் தமிழில் கல்வெட்டு பொறித்திருக்கிறார்கள்.

கோவிலில் ஓர் அம்மாள், "வணக்கம், நல்லா இருக்கீங்களா?" என்றார். எனக்கு ஒரே ஆனந்தம். நான் தமிழில் மளமளவென்று பேசத் தொடங்க, அவர் முகம் வாடியது. அவருக்குத் தெரிந்த தமிழ் ஏறக்குறைய அவ்வளவுதான். நம் மலாக்கா காஜா பெராங் செட்டி சமூகத்தார் கோவிலை விடாமல் காத்து, மலாயில் பேசி வாழ்வது நினைவுக்கு வந்தது. அவர் கைப்பையிலிருந்து ஒரு சிறிய அம்மன் படத்தை எடுத்தார். தாத்தா வைத்திருந்ததாம். கீழே தமிழில் இரண்டு வரி. அது என்ன என்று இந்தோனேசிய மொழியில் கேட்டார், என்னிடமல்ல, என் மகளிடம்.

மகள் என் தலைப்பைத் தேடவில்லை. எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளைத் தன் மலாயில் சொன்னாள். இடையிடையே 'பீசா', 'டெலாப்பான்' எல்லாம் கலந்து வந்தன. இலக்கணம்? அதைக் கேட்காதீர்கள். "லாகி," என்றார் அந்த அம்மாள், இன்னொரு முறை என்று. மகள் மறுபடியும் படித்தாள். மூன்றாம் முறை அந்த அம்மாளே விரல் வைத்து, 'மா... ரி...' என்று கூட்டினார். என் மாமியார் கண்ணைத் துடைத்துக் கொண்டு, வெயில் என்றார்.

ஊர் திரும்பிய வாரம் மெர்லிமாவ் சந்தையில், "பாஜாக்கில் கூட்டம் அதிகம்!" என்று பாட்டி மலாயில் அங்கலாய்த்தார். எதை அடகு வைக்க வந்தீர்கள் என்று மீன்காரர் பதறிவிட்டார். விளக்கம் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், கூடையைக் கீழே வைத்துவிட்டு மகள் பேசத் தொடங்கினாள்.