மேலே திடம், அடியில் பொடி... மண்ணில் நட்ட மரக்கால் தரைமட்டத்தில் மட்டும் உளுத்துப்போவது ஏன்?

ராத்திரி முழுக்கக் காற்றும் மழையும். காலையில் போய்ப் பார்த்தால் தோட்டத்து வேலி சாய்ந்து கிடக்கிறது. மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலை இறங்கியிருக்கிறது. ஒடிந்த காலைத் தூக்கிப் பார்த்தால், மேல்பகுதி புதுசு மாதிரியே இருக்கும். குழிக்குள் ஆழமாக இருந்த முனைகூடப் பல நேரம் பரவாயில்லாமல் இருக்கும். ஒடிந்த இடம் மட்டும் சரியாகத் தரைமட்டம்.

“காத்துல ஒடிஞ்சுபோச்சு” என்றுதான் சொல்வோம். உண்மையில் கால் எப்போதோ உளுத்துவிட்டது. காற்று கடைசியாக ஒரு தள்ளு தள்ளியது, அவ்வளவுதான்.

அந்த இடத்தில் மட்டும் என்ன நடக்கிறது?

மரத்தை மக்க வைப்பது தண்ணீர் அல்ல, பூஞ்சை. அது வளர உணவு, ஈரம், காற்று, மிதமான வெப்பம் என நான்கும் வேண்டும். உணவு மரமே. வெப்பத்துக்கு நம்ம ஊரில் பஞ்சமில்லை. மீதி இரண்டுதான் விஷயம்.

தரைக்கு மேலே காற்று தாராளம். ஆனால், மழையில் நனைந்தாலும் வெயிலில் காய்ந்துவிடும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வளர முடியாது. ஆழத்தில் ஈரம் இருக்கும், ஆனால் காற்று குறைவு. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் தரைமட்டமும், அதற்குக் கீழே ஓரடி, ஒன்றரை அடியும்தான். கரையானும் மண்ணிலிருந்து ஏறி முதலில் கை வைப்பது இங்கேதான்.

இத்தாலியின் வெனிஸ் நகரமே இதற்குச் சாட்சி. அங்கே பல கட்டடங்கள், சேற்றில் அடித்து இறக்கப்பட்ட மரக்கட்டைகளின் மேல் பல நூற்றாண்டுகளாக நிற்கின்றன. தண்ணீருக்கும் சேற்றுக்கும் அடியில் காற்று இல்லாததால் பூஞ்சைக்கு அங்கே வேலையில்லை.

ஆக, பத்தடிக் காலில் முக்கியமாகக் காப்பாற்ற வேண்டியது அந்த ஓரடி, ஒன்றரை அடியைத்தான்.

வைரம் பாய்ந்த கட்டையா?

‘வைரம் பாய்ந்த மரம்’ என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. முற்றிய மரத்தின் நடுவில் அடர்நிறத்தில் இருக்கும் பகுதிதான் வைரம். பூஞ்சையையும் பூச்சியையும் எதிர்க்கும் வேதிப்பொருட்கள் அதில் இயற்கையாகவே இருக்கின்றன. வெளிப்பக்கம் இருக்கும் வெளிர்நிறப் பகுதி அப்படியல்ல. எந்த மரமானாலும், தேக்கே ஆனாலும், அந்த வெளிர் பகுதி மண்ணில் சீக்கிரம் மக்கிவிடும். சில வருடங்களிலேயே வெட்டப்படும் இளம் சவுக்குக் கட்டைகள் வேலிக்காலாகப் போனால் நீண்ட நாள் தாங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

சுற்றி கான்கிரீட் போட்டால் போதுமா?

போதாது. சில நேரம் அதுவே வினையாகிவிடும். மரம் காயும்போது சுருங்கும். கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விழும். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கினால் வெளியே போக வழியில்லை. டம்ளருக்குள் கால் நிற்கிற கதைதான்.

சரியான முறை இதுதான்: குழியின் அடியில் அரையடிக்கு ஜல்லி போட்டு, அதன்மேல் காலை நிறுத்த வேண்டும். கான்கிரீட் ஊற்றினாலும் காலின் அடிப்பக்கத்தை மூடிவிடக் கூடாது. கான்கிரீட்டின் மேல்பகுதி தரையைவிடச் சற்று உயர்ந்து, காலிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போவதைவிட, போன தண்ணீர் வெளியேறாமல் நிற்பதுதான் பெரிய பிரச்சினை.

எரிப்பது, தார் பூசுவது, பழைய ஆயில்... எது வேலை செய்யும்?

அடிப்பகுதியை நெருப்பில் கரியாக்கி நடுவது பழைய வழக்கம். கரியைப் பூஞ்சை தின்னாதுதான். ஆனால் கரி என்பது மேல்தோல் மட்டுமே. அதில் விழும் வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போய்விடும். தார் பூச்சும் அப்படித்தான். ஈரம் காயாத கட்டையில் தார் பூசினால், உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும்.

வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலைத் தொடவே வேண்டாம். அது மருந்தல்ல, கழிவு. மண்ணும் நிலத்தடி நீரும் கெடும்.

உண்மையான மருந்து, மரத்துக்குள் ஊடுருவ வேண்டும். பிரஷ்ஷால் பூசினால் மேலாகத்தான் நிற்கும். அதனால்தான் ஆலைகளில் கட்டையை மூடிய உருளைக்குள் வைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அழுத்தம் கொடுத்து மருந்தைச் செலுத்துகிறார்கள்.

இந்த முறையில் உலகம் முழுக்கப் பயன்பட்ட ஒரு மருந்து இந்தியக் கண்டுபிடிப்பு. 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் உருவாக்கியது அது. தாமிரம் பூஞ்சையைத் தடுக்கும், ஆர்செனிக் பூச்சியைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்து மழையில் கரையாமல் பார்த்துக்கொள்ளும். ஆர்செனிக் நஞ்சு என்பதால், அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு இதைப் பயன்படுத்துவது 2003 இறுதியோடு நிறுத்தப்பட்டது. ஆர்செனிக் இல்லாத தாமிர மருந்துகள் அந்த இடத்துக்கு வந்தன.

பதப்படுத்திய கட்டை வாங்கினால் மூன்று விஷயம் முக்கியம். என்ன மருந்து என்று கேட்டு வாங்க வேண்டும். நீளத்தைக் குறைக்க அறுத்தால், அறுத்த முனை மண்ணுக்குள் போகக் கூடாது, ஏனென்றால் நடுப்பகுதிவரை மருந்து போயிருக்காது. மிச்சத் துண்டுகளை அடுப்பிலோ குளிர்காயவோ எரிக்கவே கூடாது. ஆர்செனிக் மருந்தென்றால் புகையிலும் சாம்பலிலும் நஞ்சு இருக்கும்.

மண்ணில் நடாமலே முடியுமா?

முடியும். பழைய திண்ணை வீடுகளில் மரத்தூண் மண்ணைத் தொடுவதே இல்லை. கருங்கல் பீடத்தின்மேல்தான் நிற்கும். இன்றைக்கு அதே வேலையைத் துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் காலணி செய்கிறது. கான்கிரீட்டில் பதித்து, மரத்தை ஓரிரு அங்குலம் உயர்த்திப் பிடித்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: காலணி மட்டும் சாய்வைத் தாங்காது. கூரையும் குறுக்குக் கட்டைகளும் சேர்ந்து பிடிக்கும் கொட்டகைக்கு இது சரி, தனியாக நிற்கும் வேலிக்காலுக்கு அல்ல.

வேலிக்குக் கல்தூண் உண்டு. கொங்குப் பக்கத்துக் கிளுவை மாதிரி உயிர்வேலியும் உண்டு. நட்ட குச்சியே வேர்விட்டு வளர்ந்தால் உளுக்கும் பேச்சே இல்லையே!

ஏற்கெனவே நட்டாச்சு... இப்போ என்ன செய்வது?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு தோட்டத்துக்குப் போங்கள். ஒவ்வொரு காலையும் சுற்றி ஓரடிக்கு மண்ணை விலக்கிவிட்டு, அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல கட்டை எதிர்க்கும். உளுத்த கட்டையில் வெண்ணெய் மாதிரி இறங்கும். தட்டினால் ‘பொத் பொத்’ என்று சத்தம் வந்தாலும் சந்தேகப்பட வேண்டும். பார்த்து முடித்ததும் மண்ணைத் திரும்பக் கெட்டித்துவிடுங்கள். காலடியில் குவிந்த சருகையும் குப்பையையும் அள்ளிவிடுங்கள். செடிக்கு ஊற்றும் தண்ணீர் அங்கே தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலிக்கால் விழுந்தால் செலவு. ஆனால் ஆட்களோ மாடுகளோ ஒதுங்கும் கொட்டகைக்கால், குழந்தைகள் ஆடும் ஊஞ்சல்கால் என்றால் கதையே வேறு. அங்கே ஸ்க்ரூடிரைவர் இறங்கினால், ‘இந்த மழை போகட்டும்’ என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே முட்டுக்கொடுத்துவிட்டு, காலை மாற்றிவிடுங்கள்.