பட்டினி கிடக்கும் தகப்பன்

ஜோடியாக நீந்திக்கொண்டிருந்த மீன்களில் ஒன்று திடீரென்று இரையைத் தொடாமல் மூலையில் ஒதுங்குகிறது. தாடை தொங்கி, கன்னம் உப்பியிருக்கிறது. கடல்மீன் வளர்ப்புக்குப் புதியவர் நோய் வந்துவிட்டதென்று மருந்தைத் தேடுவார். பழகியவருக்குத் தெரியும்: அது ஆண் மீன், வாய் நிறைய முட்டை.

வெள்ளி உடலில் கறுப்புப் பட்டையும் வெண்புள்ளியும் கொண்ட இந்தப் பாங்காய் கார்டினல் மீன், சுமார் 8 சென்டிமீட்டர்தான் வளரும். இந்தோனேசியாவின் சுலவேசிக்குக் கிழக்கே உள்ள பாங்காய் தீவுகள் இதன் சொந்த ஊர். 1920-இல் சுவீடன் நாட்டு விலங்கியலாளர் வால்டர் கௌடர்ன் இதைச் சேகரித்தார். 1933-இல் மீனியலாளர் கூமன்ஸ் இதை விவரித்துப் பெயரிட்டார். பிறகு அறுபது ஆண்டுகள் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1990-களின் நடுவில் மீனியலாளர் ஜெரால்டு ஆலன் மூலம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததும் வியாபாரிகள் வலையோடு இறங்கிவிட்டார்கள். 2007-இல் இது அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் ஏறியது.

இவ்வளவு சீக்கிரம் நொடிந்துபோகக் காரணம் அதன் குடும்ப வழக்கம்தான். கோமாளி மீன் உட்படப் பெரும்பாலான பவளப்பாறை மீன்களின் குஞ்சுகள் சில நாட்களாவது நீரோட்டத்தில் மிதந்து வேறு இடம் போய்ச் சேரும். பாங்காய் குஞ்சோ தகப்பன் வாயிலிருந்து வெளியேறிய இடத்திலேயே தங்கிவிடும். ஒரு விரிகுடாவை வலைபோட்டு வழித்தெடுத்துவிட்டால், பக்கத்துத் தீவிலிருந்து ஆள் வராது.

கடலில் அதைக் கவிழ்த்த அதே வழக்கம்தான் வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவருக்குக் கைகொடுக்கிறது. கோமாளி மீன் குஞ்சுக்குக் கண்ணுக்கு எட்டாத நுண்ணுயிர்களை வளர்த்து ஊட்ட வேண்டும். பாங்காய் குஞ்சுக்கு அந்தப் பாடே இல்லை.

முதல் சிக்கல் ஜோடி சேர்ப்பது. ஆண் பெண் வித்தியாசம் வெளியே எளிதில் தெரியாது. ஐந்தாறு இளமீன்களைச் சேர்த்து வளர்த்தால், இரண்டு ஒட்டிக்கொண்டு மற்றவற்றை விரட்டத் தொடங்கும். விரட்டப்படுபவற்றை உடனே வேறு தொட்டிக்கு மாற்றாவிட்டால் அவை பிழைப்பது கஷ்டம். பெண் இடும் முட்டைகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், நூலிழையால் கோத்த உருண்டையாக இருக்கும். ஆண் அதை அப்படியே கவ்விக்கொள்ளும். பொரிக்கச் சுமார் 20 நாள்; பொரித்த குஞ்சுகள் மேலும் 10 நாள் வாய்க்குள்ளேயே. அத்தனை நாளும் தகப்பனுக்குப் பட்டினி. முதல் தடவை தகப்பனாகும் ஆண் பாதியிலேயே முட்டைகளை விழுங்கிவிடுவதும் உண்டு. அதற்காகத் தொட்டியில் கைவிட்டுக் கலக்குவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

வெளியே வந்த குஞ்சுக்குப் பெரிய மீன்களின் வாயே எமன். கடலில் அது கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்குள் ஒளியும். தொட்டியில் உயிருள்ள கடல் முள்ளெலி இல்லாவிட்டால், ஒரு உருண்டையில் கறுப்புப் பிளாஸ்டிக் கேபிள் டைகளைச் செருகி வைக்கிறார்கள். குஞ்சுகள் அதையும் நம்பி ஒண்டிக்கொள்கின்றன!

புதிதாகப் பொரித்த ஆர்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலைக் குஞ்சுகள் முதல் நாளிலிருந்தே தின்னும். வெறும் ஆர்டீமியாவில் கொழுப்புச் சத்து போதாது. அந்தக் குறையோடு வளரும் குஞ்சு, விளக்கைச் சட்டென்று போட்டாலே துடித்துச் சாயும். சத்தூட்டிய ஆர்டீமியா கொடுத்தால் இந்தச் சாவு பெரிதும் குறைகிறது.

இப்போது தாய்லாந்துப் பண்ணைகளிலும் இதை வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். கடலில் பிடித்த மீன்களிடம் இரிடோவைரஸ் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், தொட்டியில் பிறந்ததா என்று கடைக்காரரிடம் கேட்டு, கண்முன்னே இரை போட்டுப் பார்த்து வாங்குவதே நல்லது.